எந்த ஆனி மூர்? – ஒரு பழைய பாடத்துக்குத் திருத்தம்

விழா மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "சார், உங்க காலத்து நினைவுகள் ஏதாவது எழுதுங்க" என்றார். நினைவுகள் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றியும், மைதானத்து வேப்பமரத்தைப் பற்றியும், கலைவிழாவில் மைக் அறுந்துபோன கதையையும் அவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். எனக்கு வேறொரு கடன் பாக்கி இருக்கிறது. வரலாற்றுத் துறையில் என்னிடம் அமெரிக்க வரலாறு படித்த பி.ஏ. மாணவ மாணவியருக்கு, 1990-களில் வருஷம் தவறாமல் ஒரு பிழையான செய்தியைச் சொல்லிக் கொடுத்தேன். தெரிந்து செய்யவில்லை. ஆனால் சொன்னது பிழைதான். அதைத் திருத்த, பழைய மாணவர்கள் எல்லோர் கைக்கும் போய்ச் சேருகிற இந்த மலரைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது.

குடியேற்றம் என்ற பாடத்தை நான் எப்போதும் ஆனி மூர் என்ற பெண்ணில் இருந்துதான் ஆரம்பிப்பேன். பலருக்கு ஞாபகம் இருக்கும். நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு. 1892 ஜனவரி 1-ஆம் தேதி அங்கே குடியேற்ற நிலையம் திறந்தார்கள். 1954-இல் மூடும்வரை சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அந்த வாசல் வழியாக அமெரிக்காவுக்குள் போனார்கள். அத்தனை பேரிலும் முதல் ஆள், அயர்லாந்தின் கார்க் நகரத்துப் பெண் ஆனி மூர். 1891 டிசம்பர் 20-இல் குயீன்ஸ்டவுன் துறைமுகத்தில் நெவாடா என்ற கப்பல் ஏறி, ஆண்டனி, பிலிப் என்ற இரண்டு தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பா மாத்யூவும் அம்மா ஜூலியாவும் முன்னாடியே நியூயார்க் போய், மன்ரோ தெருவில் குடித்தனம் இருந்தார்கள். புது நிலையத்தின் முதல் ஆள் என்பதால், அதிகாரி ஜான் வெபர் அவள் கையில் 10 டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்தார். அதில் இருந்த சொக்கத்தங்கம் ஏறக்குறைய 15 கிராம். நம் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கைச் சொன்னதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

இதுவரை எல்லாம் சரி. பிழை இதற்கு அப்புறம்தான். "அந்தப் பெண் பிறகு மேற்கே டெக்ஸாஸ் போனாள். அயர்லாந்து விடுதலைத் தலைவர் டேனியல் ஓ'கானலின் வம்சத்தவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். 1920-களில் ஃபோர்ட் வொர்த் பக்கத்தில் டிராம் வண்டி மோதி இறந்துபோனாள்" என்று முடிப்பேன். பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. அந்த டெக்ஸாஸ் அம்மாளின் வழிவந்தவர்களை எல்லிஸ் தீவு விழாவுக்கும் அயர்லாந்து விழாவுக்கும் அழைத்து மரியாதை செய்திருந்தார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

1995-ஆ 96-ஆ என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், கப்பல்ல வந்த ஆனி மூரும் டெக்ஸாஸ்ல இருந்த ஆனி மூரும் ஒரே ஆளுதான்னு எப்படி சார் தெரியும்?" என்றாள். நான் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "புஸ்தகத்துல போட்டிருக்கும்மா, உட்காரு."

வரலாற்று ஆசிரியன் சொல்லக்கூடாத பதில் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதற்குப் பதினோரு வருஷம் கழித்து, அமெரிக்காவில் வேறொரு பெண்மணி அதே கேள்வியைக் கேட்டு விடையையும் கண்டுபிடித்தார். அதைச் சொல்வதற்கு முன், அயர்லாந்துக்காரர் ஒருவரின் பூர்வீகத்தைத் தேடுவது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வம்ச வரலாறு என்றால் ஏதோ பணக்காரர்கள் ஜமீன் பரம்பரை தேடுகிற வேலை என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான்.

1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் ஜனத்தொகை சுமார் 82 லட்சம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் வந்தது. ஏழை ஜனங்களுக்கு அதுதான் காலை, மதியம், ராத்திரி மூன்று வேளைச் சோறு. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அதற்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். பஞ்சம் ஓய்ந்த பிறகும் கப்பல் ஓயவில்லை. 1911-இல் ஜனத்தொகை சுமார் 44 லட்சம்தான். எழுபதே வருஷத்தில் ஒரு தேசம் பாதியாகிப் போன கணக்கு இது. அப்படிப் போனவர்களின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். "எங்க தாத்தா அயர்லாந்து" என்று தெரியும். அயர்லாந்தில் எங்கே? கேட்டால் தெரியாது. நாடு சின்னதுதான், ஆனால் அதில் டவுன்லாண்ட் என்கிற சின்னச் சின்ன ஊர்ப் பிரிவுகள் 60,000-க்கு மேல் இருக்கின்றன. அந்தப் பிரிவின் பெயர் தெரியாமல் போனால் தேடுபவர் திசை தெரியாமல் நிற்க வேண்டியதுதான்.

சரி, அரசாங்கக் கணக்கெடுப்பைப் பார்க்கலாமே என்றால், அங்கேதான் பெரிய அடி. 1922 ஜூன் 30-ஆம் தேதி, உள்நாட்டுச் சண்டை தொடங்கிய நாட்களில், டப்ளின் நகரத்து நாலு கோர்ட் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. கருகிய காகிதங்கள் நகரம் முழுக்கப் பறந்து விழுந்தன. 1821, 1831, 1841, 1851 கணக்கெடுப்பு ஏடுகள் சில துண்டுகள் தவிரப் போய்விட்டன. அயர்லாந்து திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. இது சண்டையில் நடந்த விபத்து, பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1861, 1871 ஏடுகளை அரசாங்கமே வேலை முடிந்ததும் அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகளை முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதப் பஞ்சம் என்று கூழாக அரைத்துவிட்டார்கள். பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிற மாதிரி ஒரு தேசத்தின் பெயர்ப் பட்டியலைப் போட்டுவிட்டார்கள். ஆக, முழுசாக மிச்சம் இருக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901. அதற்கு அடுத்தது 1911. இரண்டையும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் 2007-க்கும் 2010-க்கும் இடையில் கணினி வழியாக இலவசமாகத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1901-இல் 55 வயது என்று எழுதிய ஆள் 1911-இல் 65 ஆகத்தானே இருக்க வேண்டும்? 70-ஐத் தாண்டியிருப்பார். காரணம் வேறொன்றுமில்லை. 1908-இல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. 70 வயது ஆனவர்களுக்கு வாராவாரம் பணம். பிறப்புப் பதிவோ 1864-இல்தான் எல்லோருக்கும் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் சர்டிபிகேட் கிடையாது. பின்னே, வயசு தானாக ஏறாதா? நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் எல்லோருக்கும் ஜூன் மாதப் பிறந்தநாள் போட்டாரே, அந்தக் கதைதான். ஆனால் இதில் ஒரு நன்மையும் விளைந்தது. பென்ஷன் அதிகாரிகள் வயதைச் சரிபார்க்க 1841, 1851 ஏடுகளைத் தேடிப் பார்த்து, அந்தந்தக் குடும்ப விவரத்தைத் தனிப் படிவங்களில் குறித்து வைத்தார்கள். மூல ஏடு 1922-இல் எரிந்துபோனது. படிவங்கள் தப்பின. யாரோ ஒரு கிழவர் பென்ஷனுக்கு அலைந்ததால் அவருடைய அப்பா அம்மா பெயர் இன்று நமக்குக் கிடைக்கிறது.

மற்றபடி அங்கே தேடுபவர்களுக்குக் கைகொடுப்பவை மூன்று. ஒன்று, கத்தோலிக்க ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். அவை அந்தந்தக் கோவிலிலேயே இருந்ததால் தீயில் சிக்கவில்லை. தேசிய நூலகம் அவற்றைப் படமெடுத்து வைத்து, 2015-இல் கணினியில் எல்லோருக்கும் திறந்தது. இரண்டாவது, 1847 முதல் 1864 வரை வரி போடுவதற்காக ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் எடுத்த நில மதிப்பீடு. எந்த ஊரில் எந்த நிலம், யார் கையில், எவ்வளவு மதிப்பு என்று நம்ம அடங்கல் மாதிரி இருக்கும். மூன்றாவது, பெயர் வைக்கும் வழக்கம். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று பல குடும்பங்களில் வைத்தார்கள். தாத்தா பெயரைத் தாங்குவதாலேயே 'பேரன்' என்று சொல்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பிள்ளைகள் பெயரை வரிசையாகப் படித்தால் தாத்தா யார் என்று ஊகிக்கலாம். ஊகம்தான், நிரூபணம் இல்லை. இந்த வித்தியாசத்தை மறந்தவர்களால்தான் பாதி வம்சாவளிகள் கோணலாகிப் போகின்றன.

இனி ஆனிக்கு வருவோம்.

மெகன் ஸ்மோலென்யாக் என்பவர் அமெரிக்காவில் பெயர் பெற்ற வம்ச ஆராய்ச்சியாளர். 2002-இல் குடியேறியவர்களைப் பற்றிய ஆவணப் படம் ஒன்றுக்கு வேலை செய்தபோது டெக்ஸாஸ் ஆனியின் காகிதங்களைப் புரட்டினார். அந்த அம்மாள் பிறந்த இடம் என்று எழுதியிருந்தது அயர்லாந்து இல்லை, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம்! அமெரிக்காவிலேயே பிறந்தவர் எல்லிஸ் தீவில் குடியேறியவராக எப்படி வந்து இறங்க முடியும்? ஆக, பல வருஷமாக உலகம் மரியாதை செய்தது வேறொரு ஆனி மூருக்கு.

டெக்ஸாஸ் குடும்பத்தார் பொய் சொன்னார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த அம்மாளின் மகள் ஒருவர் தன் தாய்தான் அந்த ஆனி என்று மனதார நம்பினார். பெயர் ஒத்துப்போனது. காலமும் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. கேட்டவர்களுக்கும் கதை பிடித்துப்போனது. தீவில் இறங்கினாள், மேற்கே போனாள், நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள் என்றால் அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதை அது. எனக்கும் அதனால்தான் பிடித்திருந்தது. 50 நிமிஷ வகுப்பில் ஆரம்பமும் முடிவும் அழகாக வந்து உட்காரும்.

அப்படியானால் உண்மையான ஆனி எங்கே போனாள்? இங்கேதான் சிக்கல். 1892 காலத்துக் கப்பல் பட்டியலில் பெயர், வயது, நாடு என்று சில கட்டங்களே உண்டு. 1893-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் கேள்விகள் பெருகின. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பு ஏடுகளைப் பார்த்து அப்பா அம்மாவைப் பிடிக்கலாம் என்றால், அவை 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் போயின. தீ வரலாற்றுக்காரனை எல்லா ஊரிலும் துரத்துகிறது. அடுத்த கணக்கெடுப்பு 1900. அதற்குள் ஆனிக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் மூர் என்ற பெயரே போயிருக்கும். புருஷன் பெயர் தெரியாமல் நியூயார்க்கில் ஒரு ஆனியைத் தேடுவது, நம்ம ஊர் வாக்காளர் பட்டியலில் அப்பா பெயர் இல்லாமல் ஒரு லட்சுமியைத் தேடுவது போல. வரலாற்றில் பெண்கள் காணாமல் போவதில் பாதி இந்தப் பெயர் மாற்றத்தில்தான்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. எல்லிஸ் தீவில் அதிகாரிகள் வாய்க்கு வந்தபடி பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் பாதிக் குடும்பங்கள் சொல்லும். காட்ஃபாதர் இரண்டாம் பாகத்திலும் அப்படி ஒரு காட்சி உண்டு. நிஜத்தில் அங்கே பெயர் எழுதவே இல்லை. கப்பல் கம்பெனி எழுதிக் கொண்டுவந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பிறகு தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள்.

2006-இல் ஸ்மோலென்யாக், உண்மையான ஆனிக்கு ஆதாரம் கொண்டுவருபவருக்கு 1,000 டாலர் பரிசு என்று அறிவித்தார். சில வாரங்களில் முடிச்சு அவிழ்ந்தது. அவிழ்த்த விதம்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. ஆனியை யாரும் நேராகத் தேடவில்லை. நியூயார்க் நகரின் ஆவணத் துறை ஆணையராக இருந்த பிரையன் ஆண்டர்சன், கூட வந்த தம்பி பிலிப்பைத் தேடினார். ஆண்பிள்ளை, பெயர் மாறாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால் அந்தப் பத்திரம் எங்காவது இருக்கும். இருந்தது. அதிலிருந்து 1930 கணக்கெடுப்பில் பிலிப்பின் குடும்பம் கிடைத்தது. அந்த வீட்டில் ஒரு மகள். பிறகு சமூகப் பாதுகாப்புத் துறையின் இறப்புப் பட்டியலில் அந்த மகள். அவர் வழியாக உயிரோடு இருக்கும் ஓர் உறவினர். கடைசியில் வழி காட்டியது டெலிபோன் டைரக்டரிதான் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் பேசினால், அந்தக் குடும்பத்தாருக்கு விஷயம் ஓரளவு தெரிந்தே இருந்தது. ஊர் உலகம் டெக்ஸாஸ்காரர்களைக் கொண்டாடும்போது, தங்கள் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்திருப்பார்கள்.

உண்மையான ஆனி மேற்கே போகவில்லை. எங்கேயுமே போகவில்லை. கப்பலை விட்டு இறங்கி அப்பா அம்மா வீட்டுக்குப் போனவள், நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதி என்கிற ஏழைகளின் நெரிசலான குடியிருப்புகளில், சில தெருக்களுக்குள்ளேயே வாழ்ந்து முடித்தாள். 1895-இல் ஜோசப் அகஸ்டஸ் ஷேயர் என்பவரைக் கட்டிக்கொண்டாள். ஜெர்மனியில் இருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், ஃபுல்டன் மீன் சந்தையில் விற்பனையாள். குறைந்தது 11 பிள்ளைகள் பிறந்தன. வளர்ந்து ஆளானவை 5. மற்றவை 3 வயது நிறைவதற்குள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. 1924 டிசம்பர் 6-ஆம் தேதி இருதயம் நின்று ஆனி இறந்தாள். மாடிப்படி குறுகலாக இருந்ததால் அந்தக் கனத்த உடம்பை ஜன்னல் வழியாகத்தான் இறக்கினார்கள் என்று குடும்பத்தில் ஒரு கதை. குயீன்ஸ் பகுதியிலுள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில், குழந்தையிலேயே இறந்த தன் பிள்ளைகளோடு புதைக்கப்பட்டாள். மேலே கல்கூட இல்லை. கல் வைக்கக் காசு ஏது?

1993-இல் அவளுக்கு இரண்டு வெண்கலச் சிலைகள் வைத்தார்கள். ஒன்று எல்லிஸ் தீவில். இன்னொன்று அவள் கப்பலேறிய துறைமுகத்தில், தம்பிகளோடு நிற்பதாக. குயீன்ஸ்டவுன் என்பது விக்டோரியா ராணி 1849-இல் வந்ததால் ஏற்பட்ட பெயர். சுதந்திரக் காலத்தில் அதைக் கோவ் என்று பழைய பெயருக்கே மாற்றிவிட்டார்கள். அந்தத் துறைமுகத்தில் இருந்து மட்டும் சுமார் 25 லட்சம் பேர் கப்பலேறினார்கள் என்பது அந்த ஊர்க் கணக்கு. இரண்டு சிலையையும் திறந்துவைத்தவர் அயர்லாந்து ஜனாதிபதி மேரி ராபின்சன். சிற்பி ஜீன் ரின்ஹார்ட். கடலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் அவள் வெண்கலத்தில் நின்றுகொண்டிருந்தாள். குயீன்ஸில் அவள் உடம்பு கிடந்த இடத்தில் ஓர் அடையாளமும் இல்லை. இதைப் படித்த அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. மிகையாகச் சொல்லவில்லை. என் வகுப்பில் நானும் அந்த இடத்தின் மேல் ஒரு பிடி மண் போட்டவன்தானே?

2006 செப்டம்பரில் நியூயார்க்கில் இந்த முடிவை அறிவித்தபோது, ஆனியின் வழிவந்தவர்களும் அவள் தம்பி வழிவந்தவர்களும் வந்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் இன்று ஐரிஷ் பெயர் மட்டும் இல்லை, யூதப் பெயர் உண்டு, இத்தாலியப் பெயர் உண்டு, ஸ்கண்டினேவியப் பெயர் உண்டு. 2008 அக்டோபர் 11-ஆம் தேதி, கால்வரியில் அவள் கல்லறைக்கு மேல் அயர்லாந்து நீலச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய கெல்டிக் சிலுவை வைத்தார்கள். இறந்து 84 வருஷம் கழித்து.

இன்னொரு விஷயம், வயது. முதல் நாள் பத்திரிகைகள் ஆனிக்கு 15 வயது, அன்றைக்குத்தான் பிறந்தநாள் என்று எழுதின. நானும் 15 என்றுதான் சொன்னேன். அவள் பிறந்தது 1874 ஏப்ரல் 24. ஆக, தீவில் இறங்கியபோது வயது 17. பிறந்தநாளும் அன்றைக்கு இல்லை. தங்கக் காசு உண்மை, பிறந்தநாள் சர்க்கரைப்பூச்சு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒபாமாவின் கதையை இங்கே சேர்க்காவிட்டால் இப்போது படிக்கும் மாணவர்கள் என்னை விடமாட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பராக் ஒபாமாவின் தாய்வழியில் ஃபால்மவுத் கர்னி என்று ஓர் அயர்லாந்துக்காரர். ஆஃபலி மாவட்டத்தின் மணிகால் கிராமத்தில் செருப்புத் தைப்பவரின் மகன். 1850-இல், 19 வயதில் நியூயார்க்கில் இறங்கி, ஒஹையோவில் இருந்த உறவினர்களிடம் போய்ச் சேர்ந்தார். இதைத் தேடிப் பிடித்தவரும் அதே ஸ்மோலென்யாக்தான். 2007-இல் அந்த வட்டாரத்துப் பாதிரியார் ஸ்டீபன் நீல், தன் பொறுப்பில் இருந்த பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கர்னி குடும்பத்தை உறுதிப்படுத்தினார். கவனியுங்கள், இது அயர்லாந்து திருச்சபைப் பதிவேடு. பாதிக்கு மேல் எரிந்துபோன கட்டு அது. இந்தக் கோவிலின் ஏடு டப்ளின் தீயில் சிக்காமல் தப்பியதால் 2011 மே 23-ஆம் தேதி ஒபாமா தம்பதியர் மணிகாலுக்கு வந்து தெருவில் எல்லோரோடும் கை குலுக்கி, சாராயக்கடையில் ஒரு கோப்பை பீரும் குடித்துவிட்டுப் போனார்கள். ஃபால்மவுத் என்பது அபூர்வமான பெயர், அதனால் தேடுவது சுலபமாயிற்று. ஆனி மூர் மாதிரி வீட்டுக்கு வீடு இருக்கும் பெயராக இருந்தால், ஒபாமா வேறு எந்தக் கிராமத்திலாவது போய் பீர் குடித்திருப்பாரோ என்னவோ.

நம்மவர்களில் இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1860 நவம்பர் 16-இல் சென்னையில் இருந்து நேட்டால் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, 1911 வரை தென் ஆப்பிரிக்கக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அதில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தவர். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஆளின் எண், பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, கிராமம், தாலுகா, மாவட்டம், உடம்பில் இருக்கும் மச்சம், தழும்பு வரை எழுதியிருக்கிறது. 1892-இல் ஆனிக்கு எழுதியதைவிட அதிகம்! வெள்ளைக்காரன் அன்பினால் எழுதவில்லை. ஓடிப்போனால் பிடிக்க எழுதினான். எதற்காக எழுதினால் என்ன, அங்கிருந்து ஊர் தேடி வருகிற பேரப்பிள்ளைகளுக்கு இன்று அதுதான் வழி. நம் கல்லூரி இருக்கும் வட்டாரத்துக் கிராமப் பெயர்களும் அதில் இருக்குமா என்று தேட, வரலாற்றுத் துறை மாணவர்கள் யாராவது ஒரு கோடை விடுமுறையைச் செலவு செய்யலாம். தமிழ்ப் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா எழுதிய எழுத்து சத்தியமாகப் புரியாது. சத்தமாகப் படித்துப் பாருங்கள், காதுக்குப் புரியும்.

இனி அந்த மாணவிக்கு. அம்மா, உன் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. மன்னித்துக்கொள். மூன்றாம் வரிசை, ஜன்னல் பக்கம், தினமும் பஸ் தாமதம் என்று முதல் மணிக்கு ஐந்து நிமிஷம் லேட்டாக வருவாய். அந்தக் காலத்து வருகைப் பதிவேடு கிடைத்தால் பெயரைப் பிடிக்கலாமே என்று போன மாதம் துறைக்குப் போனேன். 2000-க்கு முந்தைய ரெஜிஸ்தர்களை எடைக்குப் போட்டு வருஷக் கணக்காகிறதாம். அயர்லாந்துக் கணக்கெடுப்பு ஏடுகளைப் பற்றி அவ்வளவு கோபப்பட்டவன், நம்ம வீட்டில் நடந்ததற்கு என்ன சொல்வது? உன் கல்லூரிப் பெயரோடு இப்போது வேறு பெயர் சேர்ந்திருக்கலாம். அதனால் அலுவலகத்தில் கேட்டும் பிரயோஜனம் இல்லை. கடைசியில் ஆண்டர்சன் வழியில்தான் போனேன். உன்னோடு ஒரே பஸ்ஸில் வந்த பையன்கள் இரண்டு பேருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். ஒருவர் பதில் எழுதிவிட்டார், இன்னொருவரிடம் விசாரித்துச் சொல்வதாக. அவர்கள் மூலமோ, இந்த மலர் மூலமோ செய்தி உனக்கு எட்டினால், ஆண்டு விழாவன்று காலை டீ நேரத்தில் பழைய வரலாற்றுத் துறைக் கட்டிட வராந்தாவில் இருப்பேன். கால்வரி கல்லறைப் படம் ஒன்றைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அது உனக்கு.